செயற்கைக்கோள் கைவிடும் நேரத்தில் ஓடுபாதையைக் காட்டப்போவது எது? விமானப் போக்குவரத்து அமைச்சகத்துக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு ஒன்றிய விமானப் போக்குவரத்து அமைச்சர் அவர்களுக்கும், விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் டிஜிசிஏ அமைப்பின் தலைமை இயக்குநர் அவர்களுக்கும், இந்திய விமான நிலைய ஆணையத்தின் தலைவர் அவர்களுக்கும்,

டெல்லி, மும்பை, கொல்கத்தா, அமிர்தசரஸ், ஹைதராபாத், பெங்களூரு, சென்னை ஆகிய விமான நிலையங்களில் ஜிபிஎஸ் சமிக்ஞைகளில் குறுக்கீடு நேர்ந்ததாகத் தகவல்கள் வந்துள்ளன என்று 2025 டிசம்பர் 1 அன்று மாநிலங்களவையில் அரசு எழுத்துபூர்வமாகத் தெரிவித்தது. டெல்லியின் ஓடுபாதை 10-ஐ நோக்கி ஜிபிஎஸ் துணையுடன் இறங்கிக்கொண்டிருந்த சில விமானங்களுக்குப் பொய்ச் சமிக்ஞைகள் கிடைத்தன என்றும், அவற்றுக்கு மாற்று நடைமுறைகள் கையாளப்பட்டன என்றும், வழக்கமான தரைநிலையக் கருவிகள் இயங்கிக்கொண்டிருந்த மற்ற ஓடுபாதை முனைகளில் போக்குவரத்து பாதிக்கப்படவில்லை என்றும் அந்தப் பதில் கூறியது. செயற்கைக்கோள் வழிகாட்டுதல் இல்லாமற்போனாலும் விமானங்கள் பறப்பதற்காகத் தரைநிலையக் கருவிகளைக் கொண்ட 'குறைந்தபட்ச இயக்க வலையமைப்பு' ஒன்றை நாடு பேணி வருகிறது என்ற உறுதிமொழியும் அதில் இருந்தது.

அந்த உறுதிமொழியைக் கேட்டுவிட்டு அமைதியாக இருக்க என்னால் முடியவில்லை. பயணிகள் விமானங்களின் கேப்டனாகப் பல்லாண்டுகள் பறந்து, கடைசி ஆண்டுகளில் இளைய விமானிகளுக்குச் சிமுலேட்டரில் பயிற்சி அளித்து, அண்மையில் ஓய்வு பெற்றவன் நான். வளைகுடா நாடுகளுக்கும், ஈராக், துருக்கி வான்வெளி வழியாக ஐரோப்பாவுக்கும், வடக்கே அமிர்தசரஸ், ஜம்மு ஆகிய ஊர்களுக்கும் செல்லும் தடங்களில் ஜிபிஎஸ் இல்லாமல் பறப்பது என்னவென்று கண்டவன். அந்த வலையமைப்பு காகிதத்தில் இருப்பதற்கும், மேகத்துக்குள் இறங்கும் விமானிக்குக் கைகொடுக்கும் நிலையில் இருப்பதற்கும் இடையிலுள்ள தூரத்தைப் பற்றித்தான் இந்த மடல்.

இதைப் படிக்கும் பொதுமக்களுக்காக ஒன்றை முதலில் சொல்லிவிட வேண்டும். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. விமானங்கள் பயன்படுத்தும் அவற்றின் 1575.42 மெகாஹெர்ட்ஸ் சமிக்ஞை பூமியை வந்தடையும்போது அதன் ஆற்றல் ஒரு வாட்டை நூறு கோடி கோடிப் பங்காக்கினால் கிடைக்கும் ஒரு பங்கின் அளவே இருக்கும். இவ்வளவு மெலிந்த ஒன்றை அமுக்குவதற்குப் பெரிய படைக்கலம் தேவையில்லை. அமெரிக்காவின் நியூவர்க் விமான நிலையத்தில் செயற்கைக்கோள் சார்ந்த தரையிறக்கக் கருவியைக் குழப்பியது, முதலாளி தன் வண்டியைக் கண்காணிக்கக் கூடாது என்பதற்காக ஓர் ஓட்டுநர் வாங்கி வைத்திருந்த சிறிய ஜாமர். 2013-இல் அவருக்கு 31,875 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. ஜாமிங் என்னும் இந்த அமுக்குதல் விமானிக்கு உடனே தெரிந்துவிடும். ஜிபிஎஸ் இல்லை என்று கருவியே சொல்லிவிடும். பொய்ச் சமிக்ஞையால் ஏமாற்றும் ஸ்பூஃபிங் அப்படிப்பட்டதன்று. குடிமைப் பயன்பாட்டுக்கான சமிக்ஞை மறையீடு செய்யப்படாதது. அதன் வடிவம் எவரும் படித்து அறியக்கூடியது. ஆகவே அதே வடிவில் பொய்யான சமிக்ஞையை உருவாக்கிச் சற்றே உரக்க அனுப்பினால், விமானத்தின் கருவி அதை மெய்யென நம்பி, எந்தத் தயக்கமும் காட்டாமல் தவறான இடத்தைத் திரையில் வரைந்துவிடும்.

2023-இன் பிற்பகுதியிலிருந்து ஈராக் வான்வெளியில் இதை நானே பார்த்தேன். முப்பத்தையாயிரம் அடி உயரத்தில் சீராகச் சென்றுகொண்டிருந்தபோது, பல கல் தொலைவிலிருந்த பாக்தாத் விமான நிலையத்தில் நாங்கள் நிற்பதாகக் கருவி முடிவு செய்துகொண்டது. வரைபடத்தில் எங்கள் தடம் ஒரு பக்கமாக நழுவியது. ஜிபிஎஸ்ஸிலிருந்து நேரம் பெறும் கடிகாரம் பின்னோக்கி ஓடியது. நிலப்பரப்பு எச்சரிக்கைக் கருவி, அருகில் மலையே இல்லாத இடத்தில், "டெரெய்ன், புல் அப்" (நிலம் நெருங்குகிறது, மேலே ஏறு) என்று கத்தியது. அந்தப் பகுதியைக் கடந்த பிறகு எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. சில விமானங்களில் ஜிபிஎஸ் கருவி, ஒருமுறை ஏமாந்த பின், அந்தப் பயணம் முடியும்வரை தெளிவதேயில்லை. நிலப்பரப்பு எச்சரிக்கைக் கருவியோ, பல மணி நேரம் கழித்து, வேறொரு நாட்டில் இறங்கும் வேளையிலும் பழைய பொய்யின் மிச்சத்தை வைத்துக்கொண்டு அலறக்கூடும்.

ஆகவே, பாக்தாத் அருகே யாரோ அனுப்பும் பொய்ச் சமிக்ஞை இந்தியாவின் கவலை இல்லை என்று இருந்துவிட முடியாது. அங்கே ஏமாற்றப்பட்ட விமானம் அரபிக்கடலைக் கடந்து கொச்சிக்கோ மும்பைக்கோ சென்னைக்கோதான் வருகிறது. 2025 ஏப்ரல் இறுதியிலிருந்து பாகிஸ்தான் வான்வெளி நம் விமானங்களுக்கு மூடப்பட்டிருப்பதால், வட இந்தியாவிலிருந்து மேற்கே செல்பவையும் கடல்வழியாகச் சுற்றி வளைகுடாவை ஒட்டியே போக வேண்டியுள்ளது. ஜிபிஎஸ் இழந்த விமானத்துக்குக் கடலின் மேல் எஞ்சுவது ஐஆர்எஸ் என்னும் நிலைமக் கருவி மட்டுமே. விமானத்தின் ஒவ்வொரு சுழற்சியையும் முடுக்கத்தையும் அளந்து, புறப்பட்ட இடத்திலிருந்து எவ்வளவு நகர்ந்தோம் என்று கணக்கிடும் அக்கருவியை வெளியிலிருந்து எவராலும் ஏமாற்ற முடியாது. ஆனால் அது சிறுகச் சிறுக விலகும். மணிக்கு 2 கடல் மைல் என்பது அதற்கு அனுமதிக்கப்பட்ட விலகல் வரம்பு. நல்ல நிலையிலுள்ள கருவி அதைவிட மிகக் குறைவாகவே விலகும் என்றாலும், மூன்று மணி நேரக் கடற்பயணத்தின் முடிவில் சில கடல் மைல் பிழை இருக்கலாம் என்று கருதித்தான் விமானி நடந்துகொள்ள வேண்டும். நடுக்கடலில் அது பொருட்டல்ல. ஜிபிஎஸ் துணையுடன் தரையிறங்கும்போது இறுதிக் கட்டத்தில் அனுமதிக்கப்படும் விலகல் 0.3 கடல் மைல், அதாவது ஏறத்தாழ 550 மீட்டர்தான். இந்த இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள பள்ளத்தை நிரப்பத் தரையில் ஏதேனும் ஒன்று இருந்தாக வேண்டும்.

அந்த ஏதேனும் ஒன்றுதான் விஓஆர், டிஎம்இ, ஐஎல்எஸ் என்று நாங்கள் சொல்லும் கருவிகள். விஓஆர் திசையைச் சொல்லும், டிஎம்இ தொலைவைச் சொல்லும், ஐஎல்எஸ் ஓடுபாதையின் நடுக்கோட்டையும் இறங்கு சரிவையும் காட்டும். பக்கத்திலேயே, தரையிலிருந்து, நல்ல ஆற்றலுடன் ஒலிபரப்பாவதால் இவற்றை அமுக்குவது எளிதன்று. ஜிபிஎஸ் குறுக்கீடு இவற்றின் அலைவரிசைகளைத் தொடுவதுமில்லை. தகுந்த கோணத்தில் அமைந்த இரண்டு டிஎம்இ நிலையங்கள் எட்டும் தூரத்தில் இருந்தால், விமானத்தின் கணினி அவற்றின் தொலைவுகளைக் கொண்டே தன் இடத்தைத் திருத்திக்கொள்ளும். இரண்டும் ஏறத்தாழ ஒரே திசையில் இருந்தால் அந்தத் திருத்தத்துக்கு மதிப்பில்லை. 30 முதல் 150 பாகை வரையிலான கோணம் வேண்டும். வங்காள விரிகுடாப் பக்கமிருந்து சென்னைக்கு வருபவருக்கு நிலையங்கள் எல்லாம் முன்னால் கரையில்தான் இருக்கும் என்பதை வரைபடத்தைப் பார்த்தாலே புரிந்துகொள்ளலாம்.

டெல்லிக்கு வருகிறேன். 2025 நவம்பர் முதல் வாரத்தில் காற்று கிழக்கிலிருந்து வீசத் தொடங்கியதால் விமானங்கள் மேற்கிலிருந்து வந்து ஓடுபாதை 10-இல் இறங்க வேண்டியிருந்தது. ஓடுபாதை 10-இன் ஐஎல்எஸ், பனிமூட்டக் காலத்துக்கு ஏற்ற தரத்துக்கு உயர்த்துவதற்காக நிறுத்தப்பட்டிருந்தது. அதற்கு ஈடாக வைக்கப்பட்டிருந்தது ஜிபிஎஸ் முறை. ஜிபிஎஸ் பொய் சொல்லத் தொடங்கியதும் அந்த ஓடுபாதைக்கு வந்தவர்களில் சிலர் வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்டார்கள். மற்றவர்களைக் கட்டுப்பாட்டாளர்கள் ராடாரைப் பார்த்து ஒவ்வொருவராகக் கைப்பிடித்து இறக்கினார்கள். அதே வாரத்தில் டெல்லிக் கட்டுப்பாட்டு மையத்தின் செய்திப் பரிமாற்ற அமைப்பு செயலிழந்து நூற்றுக்கணக்கான விமானங்கள் தாமதமானதையும் இதையும் ஒன்றாகக் குழப்பிச் சிலர் எழுதினார்கள். அது கணினிக் கோளாறு, இது வானலைக் குறுக்கீடு. இரண்டுக்கும் தொடர்பில்லை என்பதை இங்கே குறித்து வைக்கிறேன், ஏனெனில் அந்தக் குழப்பத்தில் இந்தச் சிக்கல் காணாமற்போனது.

மேம்பாட்டுப் பணி தேவையற்றது என்று நான் சொல்லவில்லை. டெல்லியின் டிசம்பர் பனியில் இறங்கியவன் எவனும் அப்படிச் சொல்லமாட்டான். என் கேள்வி வேறு. 2023 நவம்பரில் டிஜிசிஏ இது குறித்து ஆலோசனைச் சுற்றறிக்கை வெளியிட்டு, குறுக்கீடுகளைத் தெரிவிக்கும்படி விமான நிறுவனங்களைக் கேட்டுக்கொண்டது. அந்த மாதம் தொடங்கி 2025 பிப்ரவரி வரை எல்லைப் பகுதியில், பெரும்பாலும் அமிர்தசரஸ், ஜம்மு சுற்றுவட்டாரத்தில், 465 நிகழ்வுகள் பதிவாகியுள்ளன என்று 2025 மார்ச்சில் மக்களவையில் அரசே கூறியது. இவ்வளவும் தெரிந்திருந்த பிறகு, தலைநகரின் ஓர் ஓடுபாதையிலிருந்து ஐஎல்எஸ்ஸை எடுக்கும்போது ஜிபிஎஸ்ஸையே முழு மாற்றாகக் கொண்டது எப்படி? காற்று திரும்பி, அதே நேரத்தில் ஜிபிஎஸ்ஸும் போனால் என்ன செய்வது என்று எழுதப்பட்ட இடர் மதிப்பீடு இருந்ததா? இருந்தது என்றால், அது இந்த நிலையை எதிர்பார்த்ததா? மாநிலங்களவைப் பதிலே இதற்குச் சான்றாக நிற்கிறது: தரைநிலையக் கருவிகள் இருந்த முனைகளில் பாதிப்பில்லை, அது எடுக்கப்பட்டிருந்த முனையில் பாதிப்பு. இதைவிடத் தெளிவான ஒரு சோதனையை எந்த ஆய்வுக்கூடத்திலும் அமைக்க முடியாது.

இது நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. எஸ்டோனியாவின் தார்து விமான நிலையத்தில் தரையிறங்கும் முறை ஜிபிஎஸ்ஸையே நம்பியிருந்ததால், 2024 ஏப்ரல் இறுதியில் ஃபின்ஏர் விமானங்கள் இரண்டு இறங்க முடியாமல் ஹெல்சிங்கிக்குத் திரும்பின. அந்நிறுவனம் ஒரு மாத காலம் அந்த ஊருக்கான சேவையையே நிறுத்தியது. ஜிபிஎஸ் தேவைப்படாத தரையிறக்க முறை ஒன்று அங்கே ஏற்படுத்தப்பட்ட பிறகுதான் மீண்டும் பறந்தது. ஒரு நிறுவனம் தன் வருமானத்தை விட்டுக்கொடுத்து, தரையில் கருவி இல்லாத ஊருக்குப் போகமாட்டேன் என்று சொன்னதும், அதிகாரிகள் சில வாரங்களுக்குள் வழி கண்டார்கள். நம் நாட்டில் சிறு நகரங்களை வானில் இணைக்கும் திட்டத்தில் புதிது புதிதாக விமான நிலையங்கள் திறக்கப்படுவதை நான் வரவேற்கிறேன். அவற்றில் எத்தனை தார்துகள் உள்ளன என்பதை உங்களைத் தவிர வேறு எவர் சொல்ல முடியும்?

ஜிபிஎஸ்ஸைத் திருத்தும் நம் ககன் இருக்கிறதே, நம் சொந்தச் செயற்கைக்கோள் வழிகாட்டியான நாவிக் வருகிறதே என்று அமைச்சகத்தின் கூட்டங்களில் பேசப்படும் என்பதை அறிவேன். ககன் நம் பொறியாளர்களின் பெருமைக்குரிய சாதனை. 2022 ஏப்ரலில் ராஜஸ்தானின் கிஷன்கர் விமான நிலையத்தில் ஒரு ஏடிஆர் விமானம் அதன் துணையுடன் இறங்கியபோது நானும் மகிழ்ந்தேன். ஆனால் ககன் செய்வது ஜிபிஎஸ் தரும் இடத்தைத் திருத்தி, நம்பகத்தை உறுதிப்படுத்துவது. ஜிபிஎஸ் சமிக்ஞையே அமுக்கப்பட்டால் திருத்துவதற்கு ஒன்றுமில்லை. ககனின் திருத்தச் செய்தியும் அதே அலைவரிசையில்தான் வருகிறது. நாவிக் வேறு அலைவரிசைகளையும் பயன்படுத்துகிறது என்பது உண்மையே. ஆயினும் அதன் செயற்கைக்கோள்கள் சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் உள்ளவை, அவற்றின் சமிக்ஞையும் மெலிந்ததுதான்; 2025 ஜனவரியில் ஏவப்பட்ட நாவிக் செயற்கைக்கோளான என்விஎஸ்-02 திட்டமிட்ட சுற்றுப்பாதையை அடையவும் இல்லை; இன்று பறந்துகொண்டிருக்கும் பயணிகள் விமானங்களின் வழிகாட்டும் கணினிகள் நாவிக்கைக் கேட்பதும் இல்லை. விண்ணிலிருந்து வரும் ஒன்றின் குறையை விண்ணிலிருந்து வரும் இன்னொன்றால் முழுவதும் ஈடுகட்ட முடியாது. சுதேசி என்பதற்காக இயற்பியல் நமக்குச் சலுகை தராது.

பழையவை அனைத்தையும் மீட்டுக்கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. முள்ளால் திசை காட்டும் என்டிபி என்னும் பழைய வானலைக் கருவிகள் போனதில் எனக்கு வருத்தமே இல்லை. ஓடுபாதையைக் காட்ட வேண்டிய முள் பக்கத்திலிருந்த இடிமேகத்தை நோக்கித் திரும்பிக்கொண்ட இரவுகளை நான் மறக்கவில்லை. எல்லா விஓஆர் நிலையங்களையும் காலத்துக்கும் வைத்திருக்க வேண்டும் என்றும் சொல்லவில்லை. அமெரிக்காவும் தன் 896 விஓஆர் நிலையங்களை ஏறத்தாழ 590-ஆகக் குறைத்துக்கொண்டிருக்கிறது. ஆனால் அங்கே குறைப்பதற்கு முன் ஓர் அளவுகோல் வகுக்கப்பட்டது: அந்நாட்டின் தொடர் நிலப்பரப்பின் மேல் எங்கே ஜிபிஎஸ் போனாலும், 100 கடல் மைலுக்குள், ஜிபிஎஸ் இல்லாமல் இறங்கக்கூடிய ஒரு விமான நிலையம் இருக்க வேண்டும். அந்த நிலையங்கள் எவை என்று வரைபடத்தில் குறிக்கவும் செய்கிறார்கள். விமானி அதைப் பார்த்து எரிபொருளைக் கணக்கிடலாம். நம் நாட்டின் குறைந்தபட்ச இயக்க வலையமைப்புக்கு அளவுகோல் என்ன? சேலத்துக்கு மேலோ ராய்ப்பூருக்கு மேலோ ஜிபிஎஸ்ஸை இழந்தவர் எத்தனை கடல் மைலுக்குள் இறங்க முடியும் என்று நாம் உறுதி தருகிறோம்? ஒரு விமானிக்கு வேண்டிய வடிவில், ஒரே இடத்தில், இந்த விடையை நான் பணியில் இருந்த காலத்தில் எங்கும் பார்த்ததில்லை.

நான் பறந்த ஊர்களில் ஒன்றில், பெயர் வேண்டாம், டிஎம்இ பழுதாகிக் கிடந்தது. பழுது பற்றி விமானிகளுக்கு விடுக்கப்படும் நோட்டாம் என்னும் அறிவிப்பு காலாவதியாகும் ஒவ்வொரு முறையும் புதிய தேதியுடன் நீட்டிக்கப்பட்டது. அதைச் சரிசெய்யும் அவசரம் எவருக்கும் இருந்ததாகத் தெரியவில்லை. ஜிபிஎஸ் இருக்கிறதே, அதில் வாருங்கள் என்பதே நேரில் கேட்டபோது கிடைத்த பதில். அந்தப் பதிலைச் சொன்ன பொறியாளர் சோம்பேறி அல்லர். உதிரி பாகம் கேட்டு எழுதியவற்றின் நகல்களை எனக்குக் காட்டினார். தரைநிலையக் கருவிகள் ஒரே நாளில் மறைவதில்லை. உதிரி பாகம் வராமல், ஓய்வுபெற்ற தொழில்நுட்பரின் இடம் நிரப்பப்படாமல், ஆண்டுத் திட்டத்தில் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளப்பட்டு, அவை உயிரை விடுகின்றன. பட்டியலில் மட்டும் பெயர் இருக்கும். வலையமைப்பு பேணப்படுகிறது என்ற சொல் எனக்குப் போதாமல் இருப்பதற்கு அதுவே காரணம்.

மனிதர்களைப் பற்றியும் பேசியாக வேண்டும். இன்றைய இளம் விமானிகள் என் தலைமுறையைவிடக் கணினிகளை நன்கு அறிந்தவர்கள். அவர்களில் பலர் விஓஆர் முள்ளை மட்டும் பார்த்துத் தரையிறங்கியது உரிமம் பெறும் காலத்தில்தான். விமான நிறுவனத்தில் சேர்ந்த பிறகு அதற்கு வாய்ப்பே வாய்ப்பதில்லை. நான் பயிற்சி அளித்த சிமுலேட்டர்களில் ஜிபிஎஸ் பழுது என்று ஒரு தெரிவு இருந்தது; அதை அழுத்தினால் கருவி நேர்மையாகத் தன் பழுதை ஒப்புக்கொள்ளும். மெல்ல மெல்ல நழுவும் பொய்யான இடத்தைக் காட்டும் வசதி இல்லை. எனவே நாங்கள் பயிற்சி அளித்தது ஜாமிங்குக்கு. விமானிகள் வெளியே சந்தித்தது ஸ்பூஃபிங்கை. குறுக்கீடுள்ள பகுதிக்குள் நுழையும் முன் கணினியிலிருந்து ஜிபிஎஸ்ஸை விலக்குவது, கடிகாரத்தை அதன் சொந்த ஓட்டத்துக்கு மாற்றுவது, ஐஆர்எஸ் காட்டும் இடத்தைத் தரைநிலையத்துடன் ஒப்பிடுவது ஆகியவற்றைச் சரிபார்ப்புத் தாளைப் படித்துச் செய்துவிடலாம். எதை, எப்போது நம்புவதை நிறுத்த வேண்டும் என்ற உணர்வைத் தாளில் எழுதிக் கொடுக்க முடியாது.

எல்லாவற்றிலும் என்னை அச்சுறுத்துவது நிலப்பரப்பு எச்சரிக்கைதான். மலையில் மோதி விமானங்கள் அழிந்த ஒரு காலம் இருந்தது. இந்தக் கருவி வந்த பிறகு அவ்வகை விபத்துகள் பெருமளவு குறைந்தன. அது கத்தினால் காரணம் கேட்காமல் மேலே ஏறு என்பதே நாங்கள் கற்ற, கற்பித்த விதி. இப்போது அதே விமானிகள், வளைகுடாவுக்குப் போகும் வழியிலும் வரும் வழியிலும் அது பொய்யாகக் கத்துவதைக் கேட்கிறார்கள். சில இடங்களில் நடைமுறையே அதை அணைத்து வைக்கச் சொல்கிறது. "புலி வருது, புலி வருது" என்ற கதைதான். இந்தப் பொய் அலறல்களுக்குப் பழகிய ஒரு துணை விமானி, சிமுலேட்டரில் உண்மையான மலைக்கு முன்னால் எச்சரிக்கை ஒலித்தபோது, கையை நகர்த்துவதற்குப் பதிலாக என் முகத்தைப் பார்த்தார். அது ஜிபிஎஸ்ஸா என்று கேட்டார். திறமையான பிள்ளை, அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அந்தக் கேள்வியை அவர் மனத்தில் விதைத்த சூழலைப் பற்றித்தான் உங்களிடம் முறையிடுகிறேன்.

சென்னைக் கட்டுப்பாட்டு மையத்தின் பொறுப்பில் ராடார் எட்டாத பெருங்கடல் வான்வெளி உள்ளது. அங்கே விமானம் எங்கே இருக்கிறது என்பதைக் கட்டுப்பாட்டாளருக்குச் சொல்வது அந்த விமானத்தின் கணினியே. அது தானாக அனுப்பும் இடத்தையே அவர் திரையில் காண்கிறார். விமானம் ஏமாந்திருந்தால் கட்டுப்பாட்டாளரும் ஏமாந்திருப்பார். வெளியிலிருந்து சரிபார்க்கக் கடலில் வேறு கண் இல்லை. மேற்கே குறுக்கீட்டுப் பகுதியைக் கடந்து வந்த விமானம் எது என்பது அவருக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தால், இடைவெளியைக் கூட்டி வைக்கவாவது முடியும்.

டெல்லி நிகழ்வுக்குப் பின் 2025 நவம்பர் 10 அன்று டிஜிசிஏ வெளியிட்ட நடைமுறை, குறுக்கீட்டைக் கண்டவர்கள் 10 நிமிடத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்கிறது. வானொலியில் கட்டுப்பாட்டாளரிடம் அந்தக் கணமே சொல்வது விமானியின் இயல்பு, அதில் சிக்கலில்லை. அதற்கு மேல் விவரங்களை நிரப்பி அனுப்ப வேண்டுமென்றால், தரையிறக்கத்தின் நடுவில், ஜிபிஎஸ்ஸும் இல்லாத நிலையில், காக்பிட்டில் இருக்கும் இருவரில் எவர் அதைச் செய்வார் என்பதை நடைமுறையை எழுதியவர்கள் நினைத்துப் பார்த்திருக்கலாம். தெரிவித்த பிறகு என்ன ஆகிறது என்பதே விமானிகளின் பெரிய ஆதங்கம். நாங்கள் அனுப்பிய அறிக்கைகளுக்குப் பதிலாக எங்களுக்குத் திரும்பி வந்தது ஏதுமில்லை: மூலம் கண்டுபிடிக்கப்பட்டதா, எந்த உயரத்தில், எந்த நேரத்தில் தாக்கம் மிகுதி, அடுத்து வருபவர் எதை எதிர்பார்க்க வேண்டும் என்று எதுவும் தெரியாது. கிணற்றில் போட்ட கல் என்று ஆகிவிட்டால், போடுபவர்கள் நிறுத்திவிடுவார்கள்.

ஆகவே உங்களிடம் நான் கேட்பவை இவை.

இந்திய விமான நிலைய ஆணையம் குறைந்தபட்ச இயக்க வலையமைப்பின் முழுப் பட்டியலையும் வெளியிட வேண்டும். எந்த விஓஆர், எந்த டிஎம்இ, எந்த ஐஎல்எஸ் அதில் அடங்கும், ஒவ்வொன்றின் வயது என்ன, எந்த உயரத்தில் எங்கெல்லாம் அவை எட்டும், ஜிபிஎஸ்ஸை இழந்த விமானம் எத்தனை கடல் மைலுக்குள் இறங்க முடியும் என்பதற்கான அளவுகோல் என்ன என்பவை அதில் இருக்க வேண்டும். அந்தப் பட்டியலிலுள்ள கருவி பழுதானால் இத்தனை நாளுக்குள் சீராக்கப்பட வேண்டும் என்ற கெடுவும், அதற்கான உதிரி பாகங்களும் ஆட்களும் உறுதிசெய்யப்பட வேண்டும்; நோட்டாமை நீட்டிப்பது சீராக்குவதாகக் கருதப்படக் கூடாது. செயற்கைக்கோள் இல்லாமல் தரையிறங்கும் வழி ஒன்றுகூட இல்லாத, பயணிகள் சேவை நடக்கும் விமான நிலையங்கள் எவை என்பதையும் வெளிப்படையாகச் சொல்லி, அவற்றுக்குக் குறைந்தது டிஎம்இயுடன் கூடிய விஓஆர் வழித் தரையிறக்கமாவது எப்போது கிடைக்கும் என்று தேதி குறிக்க வேண்டும்.

எந்த ஓடுபாதையிலும் ஐஎல்எஸ்ஸையோ விஓஆரையோ பணிக்காக நிறுத்துவதற்கு முன், ஜிபிஎஸ் இல்லை என்று வைத்துக்கொண்டு செய்த இடர் மதிப்பீட்டை டிஜிசிஏ கேட்டுப் பெற்று ஒப்புதல் அளிக்க வேண்டும். அந்த மதிப்பீடு இல்லாமல் எந்தக் கருவியும் அணைக்கப்படக் கூடாது. டெல்லி ஓடுபாதை 10 தொடர்பாக 2025-இல் அப்படியொரு மதிப்பீடு இருந்திருந்தால் அதை வெளியிடுங்கள். இல்லையென்றால் இல்லை என்று கூறுங்கள்.

விமானிகளின் தொடர் பயிற்சியில், ஜிபிஎஸ் பொய் சொல்லும் சூழலையும், அதன் பின் தரைநிலையக் கருவியை மட்டும் கொண்டு இறங்குவதையும் கட்டாயமாக்க வேண்டும். அதைக் காட்டும் திறன் சிமுலேட்டர்களில் ஏற்படுத்தப்பட ஒரு காலக்கெடு வேண்டும். நிலப்பரப்பு எச்சரிக்கைக் கருவியை எந்தச் சூழலில் அணைக்கலாம், இறங்கத் தொடங்குமுன் அதன் நம்பகத்தை எப்படிச் சரிபார்ப்பது என்பதை ஒவ்வொரு விமான வகைக்கும் தனித்தனியாக, உற்பத்தியாளரின் ஒப்புதலுடன் எழுதித் தரும்படி விமான நிறுவனங்களுக்கு டிஜிசிஏ ஆணையிட வேண்டும்.

பயணத்தில் ஜிபிஎஸ்ஸை இழந்து, மீளப் பெறாமல் இந்திய வான்வெளிக்குள் நுழையும் விமானம் அதை முதல் தொடர்பிலேயே சொல்ல வேண்டும் என்றும், அந்தக் குறிப்பு தரையிறங்கும் நிலையம்வரை கட்டுப்பாட்டாளர்களிடையே கைமாற வேண்டும் என்றும் விதி செய்யுங்கள். குறுக்கீட்டு அறிக்கைகளைத் தொகுத்து, இடம், உயரம், நேரம் ஆகியவற்றுடன் மாதந்தோறும் விமானிகளுக்கும் விமான நிறுவனங்களுக்கும் அனுப்புங்கள். நாட்டின் பாதுகாப்புக்காக மறைக்க வேண்டியவற்றை மறைத்துக்கொள்ளுங்கள், மிச்சத்தையாவது கொடுங்கள். மூலத்தைக் கண்டறியும் பொறுப்பு வானலைக் கண்காணிப்பு அமைப்பிடம் ஒப்படைக்கப்பட்டிருப்பதாக நாடாளுமன்றத்தில் கூறினீர்கள். டெல்லியில் அது எதைக் கண்டது என்பதை நாடாளுமன்றத்திலேயே தெரிவிக்க வேண்டும்.

வடஇந்தியாவில் அடுத்த பனிமூட்டக் காலம் தொடங்குமுன், முதல் இரண்டு கோரிக்கைகளுக்காவது எழுத்துபூர்வமான பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விமானக் கேப்டன் ஒருவர்,
சென்னை